வெளியே வந்த பிறகு: முதல் ராத்திரியிலிருந்து சாட்சிக் கூண்டு வரை

பாலியல் தொழிலுக்காக விற்கப்பட்டு, அல்லது வேலை என்றும் கல்யாணம் என்றும் நம்பவைத்துக் கூட்டிப்போகப்பட்டு, இப்போது எப்படியோ வெளியே வந்திருக்கும் பெண்ணுக்காக இதை எழுதுகிறேன். அவர் போன் செய்தால் எடுக்கிற அக்காவோ அம்மாவோ தோழியோ கூடப் படிக்கலாம். ஆனால் ‘நீங்கள்’ என்று நான் சொல்வது அந்தப் பெண்ணைத்தான்.

நான் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சில ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தவள். வக்கீல் இல்லை. வக்கீலிடம் கூட்டிப்போவது, மனு எழுதித் தருவது, கோர்ட் வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான் என் வேலை. தமிழ்நாட்டை வைத்து எழுதுகிறேன். மத்திய சட்டங்கள் எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும். இடையில் வரும் பெண்களை ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விஷயம். வெளியே வந்த நாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் உங்கள் கதையைக் கேட்பார்கள். ஹோம் வார்டன் கேட்பார், தொண்டு நிறுவனத்து அக்கா கேட்பார், பத்திரிகைக்காரர் கேட்பார், ரேஷன் கார்டு விண்ணப்பம் வாங்குகிறவர்கூடக் கேட்பார். எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ், டாக்டர், மாஜிஸ்திரேட், உங்கள் வக்கீல், இந்த நான்கு பேருக்குத்தான் அது வேலைக்காகத் தேவை. அதிலும் ஒவ்வொருவருக்கும் வேண்டியது ஒவ்வொரு துண்டு. உடம்பில் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பது டாக்டருக்கு வேண்டும். யார் விற்றார் என்பது வேண்டாம். கவுன்சலரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். மற்றவர்களுக்கு ஒரே வரி போதும்: “அதெல்லாம் கேஸில் இருக்கிறது, நான் பேசக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.” வக்கீல் இன்னும் கிடைக்கவில்லை என்றாலும் இந்த வரியைச் சொல்லலாம், தப்பில்லை.

முதல் இரண்டு நாள்

உடனே ஆபத்து இருந்தால் 112. ஆபத்து இல்லை, ஆனால் போக இடமில்லை என்றால் 181, பெண்கள் உதவி எண். 18 வயது ஆகவில்லை என்றால் 1098, குழந்தைகள் உதவி எண். 181-ல் பேசும்போது “எனக்கு இன்றைக்கு ராத்திரி தங்க இடம் வேண்டும்” என்று முதல் வாக்கியத்திலேயே கேளுங்கள். விளக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாவட்டந்தோறும் ‘சகி’ எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. பெரும்பாலும் அரசு மருத்துவமனை வளாகத்திலோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும். அங்கே 5 நாள் வரை தங்கலாம். மருத்துவம், போலீஸ் புகார், சட்ட உதவி, கவுன்சலிங் எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே வழி செய்துகொடுப்பார்கள். புகார் கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று யாராவது சொன்னால் அது விதி இல்லை.

நேராக வீட்டுக்குப் போகலாமா? இதற்குப் பொதுப் பதில் கிடையாது. முன்பின் தெரியாத வில்லன் வந்து தூக்கிப்போவது சினிமாவில்தான் அதிகம். நிஜத்தில் கூட்டிப்போனவர் அத்தையாகவோ, பக்கத்துத் தெருக்காரராகவோ, காதலிக்கிறேன் என்றவராகவோ இருக்கிறார். அந்த ஆள் உங்கள் வீட்டுக்குள் சகஜமாக வந்துபோகிறவர் என்றால் முதல் வாரம் வீட்டுக்குப் போகாதீர்கள். அம்மாவிடம் “நல்லா இருக்கேன், இடம் அப்புறம் சொல்றேன்” என்று மட்டும் போனில் சொல்லுங்கள். அதுவும் உங்கள் போனிலிருந்து வேண்டாம்.

அந்தப் போனைத் தூக்கி எறியாதீர்கள். கோபத்தில் பலர் உடைத்துவிடுகிறார்கள். புரோக்கர் அனுப்பிய மெசேஜ், கஸ்டமரிடமிருந்து வந்த ஜிபே பணம், அந்த வீட்டின் லொகேஷன் எல்லாமே சாட்சி. அணைத்து வையுங்கள். ஆன் செய்வதாக இருந்தால் போலீஸ் முன்னாலோ வக்கீல் முன்னாலோ செய்யுங்கள்.

கடைசியாக உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் மருத்துவமனைதான் முதலில். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. கர்ப்பத் தடை மாத்திரையும் அதே நேரத்தில் தருவார்கள். குளிக்காமல் போக முடிந்தால் போங்கள். போட்டிருந்த துணியை மாற்றிவிட்டீர்கள் என்றால் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். குளித்துவிட்டால் அதை நினைத்துக் குமைய வேண்டாம், அப்படியே போங்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுமே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். “எஃப்.ஐ.ஆர். கொண்டு வா” என்று திருப்பி அனுப்பக் கூடாது. ‘இரு விரல் பரிசோதனை’ என்று ஒன்று இருந்தது. அதைச் செய்யவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் திரும்பவும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. எந்தப் பரிசோதனைக்கும் முன் உங்களிடம் கேட்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பரிசோதனை வேண்டாம், சிகிச்சை மட்டும் போதும் என்றும் சொல்லலாம்.

ரெய்டில் மீட்கப்பட்டவர் என்றால்

நீங்களாகத் தப்பி வராமல் போலீஸ் ரெய்டில் வந்திருந்தால் வழி கொஞ்சம் வேறு. 1956-ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டத்தின்படி உங்களை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். விசாரணை முடியும்வரை ஹோமில் வைப்பார்கள். இந்த இடைக்காலம் 3 வாரத்துக்கு மேல் போகக் கூடாது. அதன் பிறகு மாஜிஸ்திரேட் நினைத்தால் 1 முதல் 3 ஆண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் இருக்கும்படி உத்தரவு போடலாம்.

இங்கேதான் பலர் உடைந்துபோகிறார்கள். “அங்கே பூட்டி வைத்தார்கள், இங்கேயும் பூட்டி வைத்திருக்கிறார்கள்” என்று ஒரு பெண் என்னிடம் சொன்னபோது பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே புரோக்கரின் ஆள் காத்திருக்கும்போது அந்தப் பூட்டு காப்பாற்றும், சரி. ஆனால் நீங்கள் 18 வயது தாண்டியவர் என்றால், உங்கள் விருப்பத்தைக் கேட்காமல் அடைத்து வைப்பது சரியில்லை என்று நீதிமன்றங்களே சொல்லத் தொடங்கியிருக்கின்றன. 2020-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அப்படி வைக்கப்பட்டிருந்த மூன்று பெண்களை வெளியே விட்டது. விருப்பமில்லாமல் இல்லங்களில் இருக்கும் வயதுவந்த பெண்களின் நிலையைக் கணக்கெடுத்து, விடுவிக்கும் வேலையைக் காலவரையறைக்குள் முடிக்க வேண்டும் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்குச் சொன்னது.

அதனால் மாஜிஸ்திரேட் கேட்கும்போது தலையாட்டிவிட்டு வராதீர்கள். “ஹோமில் இருக்க விருப்பம்”, “சித்தி வீட்டுக்குப் போக விருப்பம்”, “அப்பா வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அவருக்கும் தெரிந்துதான் நடந்தது” என்று எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். குடும்பத்திடம் ஒப்படைக்கும் முன் அந்தக் குடும்பம் உண்மையில் பார்த்துக்கொள்ளுமா என்று விசாரிக்கச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. உத்தரவில் உடன்பாடு இல்லை என்றால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். வக்கீலுக்குப் பணம் வேண்டாம். கடத்தலுக்கு ஆளானவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமே சொல்கிறது. 15100-க்கு அழைத்தால் உங்கள் மாவட்ட ஆணைக்குழுவோடு இணைத்துவிடுவார்கள்.

கோர்ட் உத்தரவு இல்லாமல் நீங்களாகவே போய்த் தங்கக்கூடிய இடம் ‘சக்தி சதன்’. முன்பு உஜ்வலா, ஸ்வதார் என்று தனித்தனியாக இருந்த இல்லங்களை இப்போது இந்தப் பெயரில் சேர்த்துவிட்டார்கள். குழந்தையோடு போகலாம். மகன் இருந்தால் எந்த வயதுவரை கூட வைத்துக்கொள்ளலாம் என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள், நடுவில் பிரிக்கும்போது தாங்காது. இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: போன் வைத்துக்கொள்ளலாமா? வெளியே போக யாரிடம் கேட்க வேண்டும்? பதிலைக் கேட்டாலே அந்த ஹோம் எப்படிப்பட்டது என்று பாதி தெரிந்துவிடும்.

உடம்பும் தூக்கமும்

அவசரம் முடிந்த பிறகு, ஒரு மாதத்துக்குள், முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்று போர்டு இருக்கும். அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். பால்வினை நோய்களுக்கு ‘சுகவாழ்வு மையம்’. மஞ்சள் காமாலை பி, சி, காசநோய் இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. இருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டால் வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், வயதாகிக் கிழவியாகவும் ஆகலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது. சந்தேகம் கேட்க 1097.

கர்ப்பமாக இருந்தால், வேண்டாம் என்று முடிவு செய்தால், பாலியல் வன்முறையால் ஆன கர்ப்பத்தை 24 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம். 18 வயது தாண்டியிருந்தால் உங்கள் கையெழுத்து மட்டும் போதும். புருஷன் கையெழுத்து, அப்பா கையெழுத்து என்று கேட்டால் சட்டம் அப்படிக் கேட்கவில்லை.

தூக்கம் வேறு கதை. ராத்திரி முழுக்க விழித்திருந்தே பழகிய உடம்பு, உடனே திரும்பாது. ஒரு பெண் மூன்று மாதம் செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினார், ஓட வேண்டி வந்தால் தேட வேண்டாம் என்று. இன்னொருவர் பாத்ரூம் போகவே “அக்கா, போகட்டா?” என்று என்னிடம் கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. அங்கே எதற்கும் அனுமதி கேட்டுத்தான் நகர வேண்டும், அது ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இதெல்லாம் பைத்தியம் இல்லை. அங்கே குடிக்கவோ தூக்க மாத்திரை போடவோ பழக்கியிருந்தால் மட்டும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நடுக்கம், வலிப்புவரை போகலாம், டாக்டரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும். மனசு தாங்காதபோது 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழில் பேசுவார்கள், இலவசம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பெயரில் ஐந்து காகிதங்கள்

கட்டுரையில் எதைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள். கவுன்சலிங்கைவிட ஆதார் கார்டு ஒரு பெண்ணை நிமிர்த்தியதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே உங்கள் பெயரை மாற்றினார்கள், வயதை மாற்றினார்கள், கார்டைப் பிடுங்கி வைத்தார்கள். அதைத் திருப்பி எடுக்கும் வேலை இது.

ஆதார் முதலில். கார்டு போனால் எண் போய்விடாது. எண்ணே தெரியாது என்றாலும் ஆதார் மையத்தில் கைரேகை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒருவருடைய கைரேகைக்கு ஒரே ஆதார்தான், அதனால் புதிதாக இன்னொன்று எடுக்கப் போகாதீர்கள், தள்ளுபடி ஆகிவிடும். புரோக்கர் பொய்ப் பெயரில் எடுத்துவைத்திருந்தால் அதைத்தான் திருத்த வேண்டும். அதற்குப் பள்ளிச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருக்கும். முகவரிக்கு எந்த ஆதாரமும் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பாலியல் தொழிலில் இருந்தவர்களுக்கு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் சான்றை வைத்து ஆதார் தரலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கார்டில் அதற்கான அடையாளமோ குறியீடோ எதுவும் இருக்கக் கூடாது என்பதும் அதே உத்தரவில் உண்டு. ஆதார் சந்தேகத்துக்கு 1947.

அடுத்தது சிம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் போட்டு நிறுத்தலாம். புது எண் வாங்கியதும் ஆதாரில் அந்த எண்ணை மாற்றுங்கள். ஓ.டி.பி. யார் கைக்குப் போகிறதோ அவர் கையில்தான் உங்கள் கணக்கும்.

மூன்றாவது வங்கிக் கணக்கு. பூஜ்ய இருப்புக் கணக்கு எந்த வங்கியிலும் திறக்கலாம். பழைய கணக்கு புரோக்கர் கையில் இருந்ததா? அதை மூடுவதற்கு முன் ஸ்டேட்மென்ட் எடுத்துவிடுங்கள். உங்களை வைத்து யார் எவ்வளவு சம்பாதித்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு பெண் அவசரத்தில் கணக்கை மூடிவிட்டார். பிறகு அதே ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு ஏழு முறை கிளைக்கு நடந்தோம்.

நான்காவது, பள்ளி மாற்றுச் சான்றிதழ். வயதை நிரூபிக்க, படிப்பைத் தொடர, கேஸில் நீங்கள் அப்போது 18-க்குக் கீழே என்று காட்ட, மூன்றுக்கும் உதவும். கடைசி விஷயம் மிகப் பெரியது. சம்பவம் நடந்தபோது நீங்கள் மைனர் என்றால் கேஸ் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்துக்குப் போகும், தண்டனையே வேறு.

ஐந்தாவது, குழந்தை இருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழ். அப்பா பெயர் சொல்ல உங்களுக்குக் கட்டாயம் இல்லை. மணமாகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தீர்ப்பின் நகல் ஒன்றை வக்கீலிடம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து இன்னொரு இடத்தில் வையுங்கள். அசலை யார் கேட்டாலும், ஹோமே கேட்டாலும், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

நீங்கள் தர வேண்டியதும் உங்களுக்கு வர வேண்டியதும்

“அவங்களுக்கு இன்னும் 80,000 பாக்கி இருக்குக்கா” என்பார்கள். வாங்கின அட்வான்ஸ், சாப்பாடு, சேலை, மேக்கப், போலீசுக்குக் கொடுத்தது என்று நோட்டில் எழுதி வைத்த கணக்கு. அந்தக் கடன் செல்லாது. குற்றம் செய்வதற்காகப் போட்ட ஒப்பந்தம் எதுவும் கோர்ட்டில் நிற்காது. கடனைக் காட்டி வேலை வாங்குவது கொத்தடிமை முறை, 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்ட கடனையே அழித்துவிடுகிறது. அம்மாவிடம் வந்து அவர்கள் பணம் கேட்டால் தராமல் 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

வர வேண்டியது இரண்டு வழியில் வரும், இரண்டையும் யாரும் தானாக வந்து சொல்வதில்லை.

ஒன்று, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வரும் இழப்பீடு. தேசிய ஆணைக்குழுவின் 2018 திட்டப்படி பாலியல் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை, கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம் வரை. கவனியுங்கள், ‘கடத்தல்’ என்று தனி வரி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எஃப்.ஐ.ஆரில் வெறும் விபசாரத் தடுப்புப் பிரிவு மட்டும் இருந்தால் இழப்பீடு சிக்கலாகும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கடத்தலுக்கான 143, 144 பிரிவுகளும், நடந்திருந்தால் வன்புணர்வுப் பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மனு செய்யலாம். இடைக்காலத் தொகையும் கேட்கலாம். பொதுவாக 3 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வரும் பணத்தில் 75 சதவீதத்தை வைப்புத்தொகையாகப் போடுவார்கள். படிப்புக்கோ சிகிச்சைக்கோ வேண்டும் என்றால் முன்கூட்டி எடுக்க மனு செய்யலாம்.

மற்றது கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டம். இதை மறந்தே போகிறார்கள், ஏனென்றால் கொத்தடிமை என்றால் செங்கல் சூளை, அரிசி ஆலை என்றே நம் மனதில் பதிந்திருக்கிறது. பாலியல் சுரண்டலிலிருந்து மீட்கப்பட்ட பெண்ணுக்கு இந்த மத்தியத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை உண்டு. அதற்குக் கோட்டாட்சியரிடமிருந்து விடுவிப்புச் சான்றிதழ் வேண்டும். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. முழுத் தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் தாமதமாகும். அதனால்தான் சான்றிதழை மட்டுமாவது முதல் மாதத்திலேயே வாங்கிவிட வேண்டும் என்கிறேன். பிறகு கேட்டால் “அப்போதே ஏன் வரவில்லை” என்பார்கள்.

இழப்பீடு வந்த செய்தி உறவுக்குள் பரவும். அண்ணன் ஆட்டோ வாங்கக் கேட்பார். தங்கை கல்யாணம் வரும். தருவதும் தராததும் உங்கள் முடிவு, ஆனால் முதல் ஆறு மாதம் “பேங்கில் கட்டிப்போட்டிருக்கிறார்கள், எடுக்க முடியாது” என்று சொல்லுங்கள். முக்கால்வாசி உண்மைதானே.

வேலை

ஹோம் என்றாலே ஒரு மூலையில் தையல் மெஷின் இருக்கும். தையல் கெட்ட வேலை இல்லை. கையில் நன்றாக வந்தால் அதிலேயே நில்லுங்கள், ஆதரவற்ற பெண்களுக்கு மாநில அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டமும் உண்டு. ஆனால் அப்பளம், மெழுகுவர்த்தி, சணல் பை என்று கற்றுத்தருவதில் பெரும்பாலானவற்றில் மாதம் ஒரு வாடகை கட்டும் பணம் வராது. வராதபோது பழைய எண்ணிலிருந்து ஒரு போன் வரும். அந்த மாதக் கடைசிக்கு பயந்துதான் இதைச் சொல்கிறேன். 1996-ல் சுனிதா கிருஷ்ணன் தொடங்கிய ஹைதராபாத் பிரஜ்வலா அமைப்பு, மீண்ட பெண்களுக்கு வெல்டிங்கும் மரவேலையும் கற்றுக்கொடுத்தது. ஆண்கள் வேலை என்று ஒதுக்கியவற்றில்தான் சம்பளம் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. நானும் அந்தக் கட்சி. ஐ.டி.ஐ.யில் சேர வயது இருந்தால் சேருங்கள். பத்தாவது முடிக்கவில்லை என்றால் தனித்தேர்வராக எழுதலாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், திருப்பூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறீர்கள் என்றால் சம்பளத்தோடு ஹாஸ்டலையும் விசாரியுங்கள். கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், ஒரு அறைக்கு எத்தனை பேர், போனை வாங்கி வைப்பார்களா? மற்றவருக்குச் சின்ன விஷயம். பூட்டிய இடத்தில் இருந்து வந்தவருக்கு அந்தக் கேட் சத்தமே போதும். நல்ல வேலையை இரண்டே வாரத்தில் விட்டு ஓடி வந்த பெண்ணைத் திட்டியிருக்கிறேன். காரணம் ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் தாம்பரம், திருச்சி, வேலூர் போன்ற ஊர்களில் உண்டு, அவற்றையும் பாருங்கள்.

வேலை தருகிறேன் என்று வருகிறவரைச் சோதிக்க என்னிடம் இருப்பது மூன்று கேள்விதான். முன்பணம் தருகிறாரா? ஆதார் அசலைக் கேட்கிறாரா? இடத்தை முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் முகம் மாறுகிறதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ வந்தாலும் விட்டுவிடுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான ஏஜென்டா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

வீடு, அக்கம்பக்கம்

“இத்தனை நாள் எங்கே இருந்தே?” என்று ஊரில் கேட்பார்கள். ஒரு பதிலைத் தயார் செய்து, அம்மாவுக்கும் அதையே சொல்லிக்கொடுங்கள். “பெங்களூரில் ஒரு வீட்டில் சமையல் வேலை, சம்பளம் சரியில்லை, வந்துட்டேன்.” சுருக்கமாக, சலிப்பூட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். சுவாரசியமான பொய்க்குத் துணைக் கேள்வி வரும். கல்யாணம் பேசும்போது சொல்லலாமா கூடாதா என்று கேட்கிறார்கள். நான் ஒரு பக்கம் சாய்ந்து சொல்ல மாட்டேன். சொல்லி நன்றாக இருப்பவர்களும் சொல்லாமல் நன்றாக இருப்பவர்களும் எனக்குத் தெரியும். கேஸ் நடக்கிறது என்றால் மட்டும் ஒருநாள் சம்மன் வீட்டுக்கு வரும் என்பதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

போட்டோ, வீடியோவை வைத்து மிரட்டினால் பணம் தராதீர்கள். ஒருமுறை தந்தால் மாதாமாதம் வரும். மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளத்தில், படத்தை யாரிடமும் கொடுக்காமல் உங்கள் போனிலேயே அதன் கைரேகை போன்ற குறியீட்டை உருவாக்கிப் பதியலாம். அந்தத் தளத்தோடு சேர்ந்திருக்கும் சமூக ஊடகங்களில் அதே படம் ஏறினால் தடுக்கப்படும்.

உங்களைப் போலவே வந்தவர்களைத் தேடுவது நல்லது, ஆனால் அவசரம் இல்லை. ஆந்திராவில் விமுக்தி, அகில இந்திய அளவில் இல்ஃபாட் என்று மீண்டவர்களே நடத்தும் கூட்டமைப்புகள் இருக்கின்றன. அங்கே யாரும் “ஏன் ஓடி வரவில்லை” என்று கேட்க மாட்டார்கள்.

வாக்குமூலமும் சம்மனும்

புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை பார்க்காமல் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பு 164-ஆம் பிரிவு என்பார்கள், புதுச் சட்டத்தில் இப்போது 183. இதுதான் நீங்கள் கதையை முழுதாகச் சொல்ல வேண்டிய இடம். முதல் நாளே களைப்பில் போய்ச் சொல்லாமல், சாப்பிட்டு, தூங்கி, வக்கீலிடம் பேசிவிட்டுப் போகும்படி கேளுங்கள். தேதி ஞாபகமில்லை என்றால் ஞாபகமில்லை என்றே சொல்லுங்கள். “பொங்கலுக்கு முன்னாடி”, “மழை பெய்துகொண்டிருந்தது” போதும். ஊகித்துச் சொன்ன தேதியை வைத்துத்தான் பிற்பாடு எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைப் பொய்க்காரி ஆக்குவார். முதலில் சம்மதித்துப் போனீர்களே என்று கேட்டால் பயப்படாதீர்கள். கடத்தல் குற்றத்தில் சம்மதம் கணக்கில் வராது என்று 143-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

வேறு மாநிலத்தில் மீட்கப்பட்டு ஊர் திரும்புகிறவர்கள் கிளம்பும் முன் இந்த வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டு வருவது நல்லது. பிறகு சாட்சி சொல்ல வீடியோ கான்பரன்சிங் கேட்டு மனு போடலாம். நேரில் போனால் சாட்சிப் படி, அதாவது பேட்டா, கேட்டு வாங்குங்கள். மிரட்டல் இருந்தால் 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனு உண்டு.

சம்மன் ஒரு வருடத்தில் வரலாம், நாலு வருடத்திலும் வரலாம். வரும்போது நீங்கள் வேலையில் இருப்பீர்கள், எல்லாம் பழசாகியிருக்கும். வக்கீலிடம் சொல்லி வாக்குமூல நகலை வாங்கி முந்தின நாள் ஒருமுறை படியுங்கள், ராத்திரி வேண்டாம், பகலில். மூடிய அறையில் விசாரிக்கவும், குற்றம் சாட்டப்பட்டவன் முகம் தெரியாதபடி திரை போடவும் கேட்கலாம். காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கோர்ட்டில் மத்தியானம் வரை காக்க வைப்பார்கள். தண்ணீர் பாட்டில், ஆதார், சம்மன், பஸ் டிக்கெட். வராந்தாவில் பக்கத்தில் உட்கார ஒருவரைக் கூட்டிப்போங்கள். அவன் ஆட்கள் டீக்கடைப் பக்கம்தான் நிற்பார்கள், அதனால் டீயை அவர் வாங்கி வரட்டும்.